நமிகோவுக்கு இன்னா பாஷை?

"வசனம் வேண்டாம்மா. கத்தல் மட்டும் குடு," என்றார் கிருபா சார்.

சாலிகிராமத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை டப்பிங் தியேட்டராக மாற்றியிருந்தார்கள். நான் மைக் முன்னால் நிற்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் கிருபா சார், அவருக்குப் பக்கத்தில் சவுண்ட் இன்ஜினியர். திரையில் ஒரு ஜப்பான் பள்ளிக்கூடத்துப் பெண். முகத்துக்குக் கம்பி போட்ட கவசம், கையில் மூங்கில் வாள், வெறுங்கால். வாயை ஆவென்று திறந்தபடி உறைந்து நிற்கிறாள். அந்த வாய்க்குள் என் கத்தலைப் போட வேண்டும்.

போட்டேன்.

இன்ஜினியர் ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் வைத்தார். டீ கொண்டு வந்தவர் கதவைத் திறந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். கிருபா சார் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"வியாசர்பாடின்னா வியாசர்பாடிதான்," என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். நானும் கொஞ்ச நேரம் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் திட்டத்தை விளக்கினார். அந்தப் பெண் பேசும்போது குரல் இன்னொரு டப்பிங் கலைஞரான அபர்ணாவுடையது. அவள் கத்தும்போது மட்டும் என்னுடையது. இரண்டையும் வெட்டி ஒட்டிவிடலாம், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்றார்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் எடுத்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தேன்மொழி. பின்னணிக் குரல் கொடுப்பது என் தொழில். என் முகம் உங்களுக்குத் தெரியாது. குரலை எங்காவது கேட்டிருப்பீர்கள்.

வாள் பிடித்த பெண்கள்

அது ஜப்பானில் சித்திரக்கதையாக வந்து, பிறகு கார்ட்டூன் தொடராகவும் வந்த கதை. ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளி. அதில் கெண்டோ எனும் வாள் சண்டை ஆடும் பெண்கள் அணி.

அணி என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒருத்திக்கு எப்போதும் பசி. ஒருத்தி தன் கத்தலுக்குத் தானே பயப்படுவாள். பயிற்சிக்கூடத்தில் பாதி டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்களுடையது. வாளைத் தூக்கினால் கவசத்துக்குள் பந்து போய் மாட்டிக்கொள்ளும். பயிற்சி தர வேண்டிய ஆசிரியருக்குக் கம்பைக் கண்டாலே தலை சுற்றும். இவர்களை இழுத்துக்கொண்டு போகிற கேப்டன்தான் நமிகோ. அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற கதை. ஆனால் அந்த ஆட்டத்தின் விதி ஒன்று என்னைப் பிடித்து உட்கார வைத்தது. எதிராளியின் மேல் வாள் சரியாகப் பட்டால் மட்டும் புள்ளி கிடைக்காது. அடிக்கிற அதே கணத்தில், எங்கே அடிக்கிறோம் என்பதை முழுக் குரலில் கத்த வேண்டும். குரல் வரவில்லை என்றால் அடி விழுந்தாலும் விழாத கணக்குத்தான்.

தலைக்கு 'மென்'. மணிக்கட்டுக்கு 'கொத்தே'. விலாவுக்கு 'தோ'.

எங்கள் பக்கத்தில் 'தோ' என்றால் 'இதோ' என்று அர்த்தம். 'தோ வந்துட்டேன்', 'தோ கீது பாரு' என்போம். முதல்முறை அந்தக் காட்சியைப் பார்த்தபோது, ஜப்பான்காரி வாளை வீசி 'தோ' என்று கத்தியதும் நான் மைக் முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன். கிருபா சாருக்குக் காரணம் புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாவது மாடிக் குரல்

இவ்வளவு பெரிய கத்தல் எங்கிருந்து வந்தது என்று அன்று டீக்காரர்கூடக் கேட்டார்.

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் எங்கள் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் வீடு. அம்மா சமையலுக்கு நடுவில் ஜன்னலுக்கு வந்து ஒரு குரல் கொடுத்தால், மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் நான் பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். நடுவில் தெரு, தண்ணீர் லாரி, மாவு மெஷின், மூன்று வீட்டு டிவி எல்லாம் இருக்கும். அத்தனையையும் தாண்டி அந்தக் குரல் வந்து சேரும்.

அப்பாவுக்கு ஹார்பரில் சரக்கு இறக்குகிற வேலை. நாளெல்லாம் சரக்குத் தூக்கும் வின்ச்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் ரகசியம் சொன்னாலும் பக்கத்து பிளாக்குக்குக் கேட்கும். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் என் சித்தி வீடு. முகத்துவாரத்தில் இந்தக் கரையிலிருந்து நடுத்தண்ணீரில் படகில் இருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சாப்பாடு ஆகிவிட்டது என்பாள். அவரும் அங்கிருந்தே குழம்பு என்னவென்று கேட்பார்.

எங்களுக்கு அது கத்தல் இல்லை. பேச்சுதான்.

பள்ளியில் நான் கால்பந்து ஆடினேன். எங்கள் ஏரியாவில் இது பெரிய சேதி இல்லை. பந்து தொடாத பிள்ளையைத்தான் தேட வேண்டும். நான் கோல்கீப்பர். ஆட்டம் முழுவதும் தெரிகிற ஒரே ஆள் கோல்கீப்பர்தான். யார் எங்கே நிற்க வேண்டும், யாரை விடக்கூடாது என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாயை மூடி ஆடு

ஒருமுறை நகரத்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளியில் போட்டி. கார்ப்பெட் மாதிரிப் புல். நாங்கள் அதுவரை அப்படிப்பட்ட புல்லில் ஆடியதில்லை. எங்கள் தடுப்பு ஆட்டக்காரியிடம் நான், "ஏய், அந்தப் பக்கம் வந்துகினு கீறா பாரு, வுடாத," என்று கத்தினேன். வேடிக்கை பார்த்த பெற்றோர்கள் சிரித்தார்கள். அடுத்த கத்தலுக்கும் சிரித்தார்கள். யாரோ ஒருவர் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

நடுவர் என்னிடம் வந்து, இது மீன் மார்க்கெட் இல்லை, வாயை மூடி ஆடு என்றார்.

மூடினேன். அந்தப் பாதியில் எங்களுக்கு வரிசையாக கோல் விழுந்தது. எங்கள் தடுப்பு ஆட்டக்காரிகள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பின்னால் ஆள் இல்லாத மாதிரி முழித்தார்கள்.

இடைவேளையில் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் பாதியில் வாயைத் திறந்தேன். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அட்டையை வாங்கிக்கொண்டு மறுபடி கத்தினேன். அதற்குப் பிறகு ஒரு கோலும் விழவில்லை. ஆட்டம் தோல்விதான். ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒருத்தியும் முகத்தைத் தொங்கப் போடவில்லை.

திருடனின் மனைவி

பிறகு கல்லூரி, அதற்குப் பிறகு ஒரு கால் சென்டர், அங்கிருந்து டப்பிங். அந்தக் கதையை முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். முதலில் கும்பலோடு நின்று 'ஓ' என்று கத்துகிற வேலை. பிறகு சின்னச் சின்ன வேடங்கள்.

தியேட்டரில் நான் எல்லோரையும் போல 'என்ன சார்', 'இருக்கு சார்' என்றுதான் பேசுவேன். ஆனால் என் ஊர் எது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வந்த வேடங்களைப் பாருங்கள். திருடனின் மனைவி. கஞ்சா விற்கிறவள். கதாநாயகியிடம் அறை வாங்குகிற சண்டைக்காரி. கார்ட்டூனில் குப்பைத்தொட்டியில் வாழ்கிற பூனை. ஸ்பேனிஷ் படமோ, கொரியத் தொடரோ, குப்பைத்தொட்டியைக் காட்டினால் எனக்குப் போன் வரும். "கொஞ்சம் லோக்கலா அடிச்சு விடும்மா," என்பார்கள்.

நானும் அடித்து விட்டேன். அது வேலை. எங்கள் பாஷை சிரிக்க வைக்கக்கூடிய பாஷைதான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் வீட்டில் சாவு விழுந்த அன்றுகூட யாராவது ஒரு வார்த்தை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவார்கள். ஆனால் அதே வாயால்தான் அழுதோம். கல்யாணம் பேசினோம். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் ராத்திரி முழுக்கத் தைரியம் சொன்னோம். அதற்கெல்லாம் எனக்கு ஒரு போன்கூட வந்ததில்லை.

சாக்ஸில் ஓட்டை

இனி அந்தக் கீழ்த்தளத்துக்குத் திரும்புகிறேன்.

கத்தல் கொடுத்து முடித்ததும், ஒட்டிப் பார்க்க ஒரு முழுக் காட்சியைப் போட்டார்கள். நமிகோவின் அணி தலைநகரத்துப் பெரிய பள்ளிக்கு ஆடப் போகிறது. நமிகோ முன்னால் வந்து வணக்கம் சொல்லி, தன் அணியை அறிமுகப்படுத்துகிறாள். எதிர் அணிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

தமிழில் அபர்ணா, "வணக்கம் தோழிகளே, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி," என்று தேன் மாதிரிச் சொல்லியிருந்தார். இதற்கு ஏன் சிரிக்கிறார்கள்? வசனம் எழுதியவருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அதனால் ஒரு பெண்ணின் வாயில், "அவள் சாக்ஸில் ஓட்டை பார்," என்று எழுதிவிட்டார்.

அபர்ணா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல குரல், நல்ல மனுஷி. தொழிலில் எனக்கு மூத்தவர். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், அவங்க யாரும் சாக்ஸே போடலியே. எல்லாரும் வெறுங்காலோட நிக்கறாங்க," என்றார்.

வசனப் பக்கங்களைப் புரட்டினார்கள். ஆங்கிலத்தில் வந்திருந்த குறிப்பில், கேப்டன் துறைமுக ஊரின் கரடுமுரடான பேச்சு பேசுகிறாள், அதைக் கேட்டுத்தான் நகரத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள் என்று தெளிவாக இருந்தது. கதை முழுக்க அவள் அப்படித்தான் பேசுகிறாள். கடைசி வரை மாற்றிக்கொள்ளவும் மாட்டாள்.

கிருபா சார் தாடையைத் தடவினார். சாக்ஸுக்குப் பதிலாகத் தலைமுடி என்று மாற்றிவிடலாம் என்றார்.

எனக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. கோபம் என்று சொல்ல மாட்டேன். மஞ்சள் அட்டை வாங்கிய அன்று வந்த அதே நிதானம்.

"சார், அவ ஹார்பர்காரன் பொண்ணு. அவ வாயில நம்ம பாஷைதான் கீது," என்றேன்.

தியேட்டருக்குள் நான் அந்தப் பேச்சில் வேடத்துக்காக இல்லாமல் எனக்காகப் பேசியது அதுதான் முதல்முறை.

"கேப்டன்மா அவ. ஹீரோயின். அவளுக்கு மெட்ராஸ் பாஷை குடுத்தா சீரியஸ் சீன்ல எல்லாம் ஜனங்க சிரிச்சிடுவாங்க," என்றார் கிருபா சார்.

"எங்க சிரிக்கணுமோ அங்க சிரிக்கட்டும் சார். அயுவுற எடத்துல சிரிச்சாங்கன்னா அது என் தப்பு. நானே எயுந்து பூட்றேன்."

"நீ கத்தல் மட்டும் குடுத்தா போதும்."

"கத்தல் என்னுது, பேச்சு வேற ஒருத்தருதா? ரெண்டும் ஒரே வாயில இருந்துதான் சார் வருது. குடுத்தா ரெண்டையும் குடுக்குறேன். இல்லாங்காட்டி நான் குடுத்த கத்தலையும் அயிச்சிடுங்க."

அவர் அழிக்கச் சொன்னார். இன்ஜினியர் தயங்கினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அழித்து முடிக்கிற வரை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

போன் வராத நாட்கள்

பெரிதாகப் பேசிவிட்டு வந்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் போனைச் சார்ஜில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பல வாரங்கள் போன் வரவில்லை. கிருபா சார் மட்டும் இல்லை, வேறு தியேட்டர்களும் கூப்பிடவில்லை. தேன்மொழிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேச்சாம். டோல்கேட் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் அறிவிப்புச் சொல்ல ஆள் கேட்டார்கள். போனேன். 'வாங்கம்மா வாங்க' என்று மைக்கில் சொல்லிக்கொண்டே, அந்த ஜப்பான் பெண்ணை வேறு யாராவது கத்த வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அபர்ணாவிடமிருந்து போன். நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார். நிறையப் பேரைக் கத்த வைத்துப் பார்த்தார்களாம், ஒன்றும் ஒட்டவில்லையாம்.

"ஒட்டியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்," என்றார். "இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். என் வாயில வேற ஒருத்தர் குரலை ஒட்டறது எனக்கும் அவமானம்தான். எனக்கு நமிகோ வேண்டாம், துணைக் கேப்டன் ஷியோரியை எடுத்துக்கறேன்னு சார்கிட்ட சொல்லிட்டேன். ஆனா தேனு, நீ சண்டை போட்டது எனக்குக் குடுத்த வேஷத்துக்காக. முதல்ல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. அப்படியும் சில சமயம் ஆகும்.

அயுவாதீங்கடி

மறுபடி கூப்பிட்டு, சோதனைக்கு ஒரே ஒரு காட்சி தந்தார்கள். சேனலிலிருந்து ஒருவர் வந்து கேட்டுச் சரி என்றால்தான் மேலே பேச்சு. வேண்டுமென்றே கடினமான காட்சியை எடுத்திருந்தார் கிருபா சார். அவர் எனக்குக் குழி பறித்தாரா, கை கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நமிகோவின் அணி முதல் பெரிய போட்டியில் தோற்றுவிடுகிறது. உடை மாற்றும் அறையில் மற்ற நால்வரும் அழுகிறார்கள். கூட்டத்தின் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்கிறாள் ஒருத்தி. எழுதியிருந்த வசனம்: "கலங்காதீர்கள் தோழிகளே, நாம் மீண்டும் எழுவோம்."

நான் தாளை மடித்துக் கீழே வைத்தேன். நமிகோவின் உதட்டை மட்டும் பார்த்தேன்.

"அயுவாதீங்கடி. தோத்தது தோத்ததுதான், இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா ஒருத்தியாவது ஜகா வாங்கினோமா? மூஞ்சிய தொடச்சிகினு வாங்க. யாருக்கு பயந்துகினு பின்னாடியா போவணும்? வந்த வாசல் கீதுல்ல, அது வயியாவே போவலாம்."

எந்த ஏற்ற இறக்கமும் போடவில்லை. எங்கள் பிளாக்கில் ஒரு அக்கா இன்னொரு அக்காவிடம் சொல்வது போலச் சொன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. சேனல்காரர் இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டார். பிறகு சரி என்றார். மற்ற காட்சிகளில் பேஜாரு, கலீஜ் மாதிரி வார்த்தைகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டை நடந்தது. 'கலீஜ்' போயிற்று. 'பேஜாரு' நின்றது. 'கீது'வை யாராலும் அசைக்க முடியவில்லை.

நமிகோவும் ஷியோரியும் சண்டை போடுகிற காட்சியை அபர்ணாவும் நானும் ஒரே நேரத்தில் நின்று பதிவு செய்தோம். அந்தப் போனுக்குப் பிறகு எங்களுக்கிடையே பேச்சு வார்த்தையே இல்லை. ஷியோரி, "எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணுவியா, எங்களைக் கேக்க மாட்டியா?" என்று வெடிக்கிற இடத்தில் அபர்ணா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரே டேக்கில் ஓகே ஆனது. வெளியே வந்து இருவரும் டீ குடித்தோம். எனக்கும் சேர்த்துச் சர்க்கரை கம்மி என்று அவரே சொன்னார்.

அம்மாவின் கேள்வி

தொடர் வந்தது. ஜப்பான்காரி காசிமேட்டில் பிறந்தாளா என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். நகைச்சுவைத் தொடர் என்பதால் மன்னிக்கலாம் என்று இன்னொருவர். என் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கெட்டுப்போவார்கள் என்று ஓர் அம்மா. எல்லாவற்றையும் படித்தேன். எண்ணூரிலிருந்து ஒரு பெண், 'நம்ம ஆளுடா கேப்டன்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அதையும் படித்தேன்.

முதல் பகுதி வந்த அன்று அம்மாவை டிவி முன்னால் உட்கார வைத்தேன். நமிகோ வந்து நின்று இரண்டு வரி பேசினாள். அது என் குரல் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"இவ திருடியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. கேப்டன்."

"கடைசில மாட்டிக்குவாளா?"

"மாட்ட மாட்டா."

அம்மா உட்கார்ந்திருந்த பாயைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டோக்கியோ

இரண்டாம் பாகத்துக்குக் கிருபா சார் போன் செய்தபோது நான் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். குரலில் பழைய இனிமை. நமிகோ பள்ளி முடித்துவிட்டாள், டோக்கியோவில் பெரிய கல்லூரியில் சேருகிறாள், அங்கே வாள் சண்டை அணியில் இடம் பிடிக்கப் போராடுகிறாள் என்று கதை சொன்னார். உடனே சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்," என்றார். "இப்ப அவ படிச்ச பொண்ணு. தலைநகரத்துல இருக்கா. அதனால இந்தப் பாகத்துல இருந்து நல்ல தமிழ்ல பேச வச்சிடலாம். உனக்கும் நல்லது. உன்னாலயும் முடியும்னு எல்லாரும் தெரிஞ்சுப்பாங்க."

ரயில் வந்து நின்றது. ஜனங்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் ஏறவில்லை.

"டோக்கியோ போனா நாக்கு மாறிடுமா சார்?" என்றேன். "நானும் படிச்ச பொண்ணுதான். வியாசர்பாடில இருந்து சாலிகிராமம் வந்து போய்கினு இத்தினி வருசம் ஆவுது. இப்ப உங்களாண்ட இன்னா பாஷைல பேசிகினு கீறேன்?"

நான் ஏறாத ரயில் கிளம்பிப் போனது.

"திங்கக்கிழம காலைல வந்துடு," என்றார் கிருபா சார். "வசனம் எதுவும் எழுதி வைக்கல. நீயே வந்து பேசு."